வயலின் எதற்கு?

எங்கள் கீழ்வீட்டு ரஷ்யாக்காரர் என்னிடம் முதன்முதலில் பேசியதே சண்டைதான். ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். இந்தியன் ஸ்டோரில் வாடகைக்கு எடுத்த தமிழ் வீடியோ கேசட் ஓடிக்கொண்டிருந்தது. அசலிலிருந்து எடுத்த நாலாவது காப்பியோ ஐந்தாவது காப்பியோ, கதாநாயகியின் முகம் பச்சையாகத் தெரிந்தது. அவள் புருஷன் செத்துப்போய் அழுதுகொண்டிருந்தாள். நானும் துணைக்கு அழுதுகொண்டிருந்தேன். யாரோ கதவைத் தட்டினார்கள். திறந்தால், பனியனுக்கு மேல் கோட்டுப் போட்ட ஒரு வெள்ளைக்காரப் பெரியவர். தலை நிறைய நரைமுடி, சீப்பைப் பார்த்துப் பல நாளான முடி. சத்தத்தைக் குறைக்கச் சொல்ல வந்திருக்கிறார் என்று நினைத்து, "ஸாரி, ஸாரி" என்று ரிமோட்டைத் தேடினேன்.

"சத்தம் இருக்கட்டும்," என்றார். "வயலின் எதற்கு?"

எனக்கு ஒன்றும் புரியவில்லை.

"அந்தப் பெண் அழுகிறாள். பாஷை தெரியாது, ஆனாலும் கீழே இருக்கிற எனக்கே தெரிகிறது. அப்புறம் முப்பது வயலின் எதற்கு? யாருக்குக் காது கேட்காது?"

பதிலுக்குக் காத்திருக்காமல் படியிறங்கிப் போய்விட்டார். நான் வாசலிலேயே நின்றேன். அதற்குப் பிறகு அந்தப் படத்தைப் பார்த்து என்னால் அழ முடியவில்லை. வயலின் மட்டும்தான் கேட்டது.

தொண்ணூறுகளின் பின்பாதி அது. நியூஜெர்சி மான்மவுத் ஜங்ஷனில் ரூட் ஒன் ஹைவேயை ஒட்டி இருந்த அந்த அபார்ட்மென்ட்டில் பாதிப் பேர் என்னைப் போல எச்-ஒன் விசாவில் வந்த புரோகிராமர்கள். அவர் கீழே தன் மகளோடு இருந்தார். மகள் ஒரு மருந்துக் கம்பெனியில் கெமிஸ்ட்.

என் கல்யாணத்தில் என் அம்மா மேடையில் நிற்கலாமா கூடாதா என்று ஒரு சண்டை வந்தது. அந்தச் சண்டைக்கு நடுவில் இந்த மனிதர் எப்படி வந்து உட்கார்ந்தார் என்று சொல்லத்தான் ஆரம்பித்தேன். ஆனால் அவரைப் பற்றி நாலு விஷயம் தெரியாமல் அதைச் சொன்னால், யாரோ வம்புக்காரக் கிழவர் என்று முடிவு கட்டிவிடுவீர்கள். வம்புக்காரர்தான், இல்லையென்று சொல்லவில்லை. பெயரை எழுதவில்லை. தன் பெயரை எங்கே போடலாம், எங்கே போடக்கூடாது என்பதில் அவருக்கு இருந்த கண்டிப்பு எனக்குத் தெரியும்.

அவர் வாயில் முதலில் வருவது "நோ"தான். காபி சாப்பிடுகிறீர்களா? நோ. பிறகு இரண்டு கப் குடிப்பார். குளிர்கிறதா? நோ. பிறகு போய் மப்ளர் எடுத்து வருவார். டிரைவிங் டெஸ்டில் மூன்று முறை ஃபெயில். மூன்றாவது முறை நான்தான் கூட்டிக்கொண்டு போனேன். சிக்னலில் பச்சை விழுந்ததும் பக்கத்தில் இருந்த ஆபீசர் "கோ" என்றிருக்கிறார். இவர் "நோ" என்றிருக்கிறார். ரோட்டைக் கடந்துகொண்டிருந்த ஒரு கிழவியம்மா நடைபாதையில் ஏறிவிட்டாள்; அவளுடைய நாய் இன்னும் ஏறவில்லை. பின்னால் பத்து கார் ஹாரன் அடிக்கிறது. ஆபீசர் மறுபடி "கோ" என்கிறார். "அவள் இன்னும் முடிக்கவில்லை," என்றாராம் இவர். யார் சொன்னாலும், எது பச்சையாக எரிந்தாலும், கண்ணால் பார்க்காமல் அவர் எதையும் தொடங்கமாட்டார். ஆக லைசென்ஸ் கிடைக்கவில்லை, சனிக்கிழமைகளில் அவரைக் கடைக்கு டிரைவ் பண்ணிக் கூட்டிப்போவது என் தலையில் விழுந்தது.

கடை என்றால் ரஷ்யக் கடை. ஒரு மணி நேரம் வடக்கே போக வேண்டும். கருப்பு ரொட்டி, ஊறப்போட்ட மீன், பீப்பாயில் வெள்ளரிக்காய். முதல் தடவை மகளும் வந்திருந்தாள். மீன் நிறுத்துக்கொண்டிருந்த அம்மாள் ஏதோ பாட்டை முணுமுணுத்தாள். இவர் கண்ணாடிப் பெட்டிமேல் விரலால் தட்டி, "நோ" என்றார். அப்புறம் ரஷ்யனில் பெரிய வாக்குவாதம். மகள் எனக்கு மெதுவாக இங்கிலீஷில் சொல்லிக்கொண்டே வந்தாள்.

"மூன்றாவது வரி மேலே போகக்கூடாது, கீழே இறங்கணும்னு அப்பா சொல்றார்."

"அந்தம்மா என்ன சொல்றாங்க?"

"தாத்தா, எங்க நாடே இப்படித்தான் பாடுதுன்னு சொல்றாள். அதுக்கு அப்பா, நாடே தப்பாப் பாடுதுங்கறார்."

எனக்குச் சிரிப்பு வந்தது. "இவருக்கு எப்படித் தெரியும்?"

மகள் என் பக்கம் திரும்பினாள். "அது அவர் போட்ட பாட்டு," என்றாள்.

அன்றைக்குத்தான் எனக்குத் தெரியும், எங்கள் கீழ்வீட்டுக்காரர் அவர்கள் நாட்டில் சினிமாவுக்கு இசையமைத்தவர் என்று. ஒன்றல்ல இரண்டல்ல, முப்பதுக்கு மேல் படங்கள். அந்தக் குறிப்பிட்ட பாட்டு ஒரு வேடிக்கைப் படத்தில் வருவது. டிராம் ஓட்டுகிற ஒரு பெண், விடியற்காலையில் டிராமின் ஜன்னலைத் துடைத்துக்கொண்டே பாடுவாள். படம் வந்த வருஷத்திலிருந்து அந்த நாட்டில் ஜன்னல் துடைக்கிறவர்கள் எல்லாரும் அதைத்தான் பாடுகிறார்களாம். கல்யாணத்தில் பாடுகிறார்கள், பட்டாளத்தில் பாடுகிறார்கள், குழந்தையைத் தூங்கவைக்கப் பாடுகிறார்கள். எடிசனில் இருந்த ஒரு ரஷ்யப் பல் டாக்டர் அதை முணுமுணுத்துக்கொண்டே இவருடைய கடைவாய்ப் பல்லைப் பிடுங்கினாராம். அவரும் மூன்றாவது வரியில் தப்பு. வாய் திறந்திருந்ததால் திருத்த முடியவில்லை என்று இவர் ஒரு வாரம் புலம்பினார். பல் போனதைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை.

"நான்தான் போட்டேன்னு சொல்லிட வேண்டியதுதானே?" என்று காரில் கேட்டேன். நம் ஊராக இருந்தால் இப்படிப்பட்ட ஒருவருக்குக் கட்-அவுட் வைத்துப் பால் ஊற்றியிருப்பார்கள். இங்கே மனிதர் மடியில் மீன் பொட்டலத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"சொன்னால், படத்தில் உங்கள் பெயர் இல்லையே என்பார்கள். அப்புறம் அரை மணி நேரம் கதை சொல்ல வேண்டும். மீன் கெட்டுவிடும்," என்றார்.

அவருக்கு ஆசை இல்லை என்று நினைத்துவிடாதீர்கள். நிறைய இருந்தது. வீட்டில் இரண்டு ரொட்டி இருக்கும்போதே, ரொட்டி தீர்ந்துவிட்டது, போகலாம் என்பார். அந்தக் கடையில் எப்போதும் ரஷ்ய ரேடியோ பாடிக்கொண்டிருக்கும். வெள்ளரிக்காய்ப் பீப்பாய்க்குப் பக்கத்தில் எல்லாருக்கும் முதுகைக் காட்டிக்கொண்டு, லேபிள் படிப்பதுபோல் நிற்பார். அவர் பாட்டு வந்தால் கடையில் யாராவது ஒருவராவது கூடப் பாடுவார்கள். அப்போது அந்த முதுகு மட்டும் கொஞ்சம் நிமிரும். பாட்டு முடிந்ததும் ரேடியோக்காரர் படத்தின் பெயரைச் சொல்வார், பாடகியின் பெயரைச் சொல்வார். இவர் பெயரைச் சொல்ல மாட்டார். முதுகு பழையபடி ஆகிவிடும். திரும்பி வருகிற வழியில் எல்லாம் ரோட்டில் போகிற காரையெல்லாம் நான்தான் திட்டிக்கொண்டு வருவேன்.

இனி என் கல்யாணத்துக்கு வருகிறேன். நான் இன்ஜினியரிங் இரண்டாவது வருஷம் படிக்கும்போது அப்பா போய்விட்டார். அதற்குப் பிறகு எங்கள் வீட்டுக்கு எல்லாம் பெரியப்பா. அவர் டெக்சாஸில் சுகர் லேண்டில் இருந்தார்; ஆயில் கம்பெனி வேலை, தமிழ்ச் சங்கத்தில் பெரிய பொறுப்பு. மாப்பிள்ளை முரளி கலிபோர்னியாவில் பிளசன்டன். கல்யாணம் நியூஜெர்சியில் கோயில் ஹாலில் என்று முடிவானது. அம்மா விசிட்டர் விசாவில் வந்து என்னோடு தங்கினாள். பெரியப்பா அச்சடித்து அனுப்பிய அழைப்பிதழில் அவர் பெயரும் பெரியம்மா பெயரும் இருந்தன. மறைந்தவர் என்ற குறிப்போடு அப்பா பெயர் இருந்தது. அம்மா பெயர் இல்லை. போன் பண்ணினேன்.

"பெரியப்பா, அம்மா பேரு இல்லையே?"

"கன்னிகாதானம் பண்ணிக் கொடுக்கறது நானும் உங்க பெரியம்மாவும்மா. சம்பிரதாயம் அப்படி. உங்கம்மாவே ஒண்ணும் சொல்லல, நீ ஏன் டென்ஷன் ஆகறே? தாலி கட்டற டைம்ல மட்டும் அவ கிச்சன் சைடுல இருக்கட்டும். அப்புறம் ஸ்டேஜுக்கு வந்து எத்தனை போட்டோ வேணாலும் எடுத்துக்கட்டும். யாரு வேணாம்னா?"

"சரி பெரியப்பா," என்றேன்.

அந்தச் "சரி"யை நினைத்தால் இன்றைக்கும் என்மேல் எனக்கே கோபம் வரும். ஆபீசில் மானேஜரோடு எகிறி எகிறிச் சண்டை போடுகிறவள் நான். பெரியப்பாவிடம் மட்டும் நாக்கு ஒட்டிக்கொள்ளும். அம்மாவிடம் சொன்னேன். அவள் வெண்டைக்காய் நறுக்குவதை நிறுத்தவில்லை.

"விடுடி. நான் என்ன மேடையில ஏறி மெடலா வாங்கப் போறேன்? நாளைக்கு உனக்கு ஒண்ணுன்னா, இவ நின்னாளே அதனாலதான்னு நாலு பேர் சொல்லுவாங்க. அதைக் கேக்க என்னால ஆகாது. நீ நல்லா இருந்தாப் போதும்."

அழைப்பிதழை ஃபிரிட்ஜில் ஒட்டிவைத்திருந்தேன். காபி வேண்டாம் என்று சொல்லிவிட்டு மேலே வந்த கீழ்வீட்டுக்காரர் அதன் ஆங்கிலப் பக்கத்தை மேலிருந்து கீழ்வரை படித்தார். "இதில் உன் அம்மா யார்?" என்றார். இல்லை என்றேன். ஏன் என்றார். சொன்னேன். கடகடவென்று சிரித்தார்.

"ஓ. உங்களிடமும் கமிஷன் இருக்கிறதா!"

என்ன கமிஷன் என்று அன்று கேட்கவில்லை. மேடையிலும் அம்மா இருக்கமாட்டாள் என்று அவரிடம் சொல்லவும் இல்லை. வெட்கமாக இருந்தது.

அப்புறம் நாதஸ்வரம். அந்த வட்டாரத்தில் இருந்தது ஒரே ஒரு செட். அதே முகூர்த்தத்தில் அவர்களை வேறொரு கல்யாணத்துக்கு புக் பண்ணிவிட்டார்கள். கேசட்தான் கதி. அதற்கு முந்தைய வருஷம் என் தோழியின் கல்யாணத்தில் கேசட் பொறுப்பை ஏற்ற மாமா, சரியான நேரத்தில் பாயசம் ருசி பார்க்கப் போய்விட்டார். மூன்று முடிச்சும் விழுந்து, எல்லாரும் அட்சதையும் போட்டு முடித்த பிறகு கெட்டிமேளம் வந்தது. இன்னொரு கல்யாணத்தில் பக்கத்தை மாற்றிப் போட்டு, தாலி ஏறும்போது ஒரு உபன்யாசம் ஓடியது. இதையெல்லாம் வேடிக்கையாகத்தான் அவரிடம் சொன்னேன். அவர் முகம் சிவந்துவிட்டது.

"லேட்டா? கல்யாணத்திலா? அந்த ஆளை என்ன செய்தீர்கள்?"

"என்ன செய்யறது? சாப்பாடு போட்டு அனுப்பினோம்."

"உன் கல்யாணத்துக்கு நான் போடுகிறேன்," என்றார். யாரும் கேட்கவில்லை, அவராகவே சொன்னார். ஒரு வாரம் அந்த நாதஸ்வரக் கேசட்டைத் தன் வீட்டில் போட்டுப் போட்டுக் கேட்டார். நீங்களே ஏதாவது புதிதாகப் போடுங்களேன் என்றேன். "நோ. இது நன்றாகவே இருக்கிறது. இதற்குச் சரியான நேரம் மட்டும்தான் வேண்டும்," என்றார். ஆனால் ஒத்திகை பார்க்காமல் முடியாது என்று ஒரே பிடிவாதம்.

ஒத்திகை எங்கள் ஹாலில் நடந்தது. கார்ப்பெட்டில் நான் உட்கார்ந்தேன். பக்கத்தில் மாப்பிள்ளைக்குப் பதில் ஒரு தலையணை. மற்ற எல்லாமே அம்மாதான். ஐயராக மந்திரம் முணுமுணுத்தாள். பெரியம்மாவாக வந்து எனக்குப் பின்னால் விளக்குப் பிடித்தாள். தாலித் தட்டை எல்லாரிடமும் காட்டி ஆசீர்வாதம் வாங்குவதுபோல் சோபா, டிவி, மைக்ரோவேவ் என்று ஒரு சுற்று வந்தாள். கடைசியில் என் இடது பக்கத்தில் தட்டோடு நின்றுகொண்டு, ஆள்காட்டி விரலைத் தூக்கி, "கெட்டிமேளம், கெட்டிமேளம்!" என்றாள். முகமெல்லாம் சிரிப்பு. வெறும் ஒத்திகைதானே, யார் தடுக்கப்போகிறார்கள். அவர் ஒரு அட்டையில் சின்னச் சின்ன மனிதர்களாக வரைந்து குறித்துக்கொண்டார். "இடது பக்கம் அம்மா. விரல். அதன் பிறகு நான்." நான் திருத்தியிருக்க வேண்டும். திருத்தவில்லை.

"இவ்வளவு பெரிய சத்தம் அந்த இடத்தில் எதற்கு?" என்று கேட்டார்.

அம்மாவிடம் கேட்டுச் சொன்னேன். "கெட்ட சத்தம் எதுவும் காதுல விழக்கூடாது. தும்மல், அழுகை, அந்த மாதிரி. அதுக்காகத்தான்."

"அழுகையா? கல்யாணத்தில் யார் அழுவார்கள்?"

"பெத்தவதான்," என்றாள் அம்மா.

அவர் எழுந்துவிட்டார். ஜன்னல் பக்கம் போய் நின்றுகொண்டு கமிஷன் கதையைச் சொன்னார். நான் வரிவரியாக அம்மாவுக்குச் சொன்னேன். அது ஒரு யுத்தப் படம். மகன் செத்துவிட்டான் என்று தாய்க்குக் கடிதம் வருகிறது. அவள் கடிதத்தை மடித்து வைத்துவிட்டு, தோய்த்த துணிகளை ஒவ்வொன்றாக உதறிக் கொடியில் போடுகிறாள். நாற்பது வினாடி. அந்த இடத்தில் அவர் இசை எதுவும் போடவில்லை. ஈரத் துணி உதறுகிற சத்தம் போதும் என்று விட்டுவிட்டார். படம் வெளியே வர அனுமதி கொடுக்கிற அரசாங்கக் கமிஷன்காரர்கள் ஏழு பேர் உட்கார்ந்து பார்த்தார்கள். எங்கள் நாட்டுத் தாய் இப்படிச் சும்மா நிற்கக் கூடாது, வயலின் போடு, நம்பிக்கை வருகிற மாதிரி போடு என்றார்கள். இவர் நோ என்றார். வேறு ஒருவரைக் கூப்பிட்டு ஒரே சாயங்காலத்தில் அந்த நாற்பது வினாடியை நிரப்பினார்கள். அப்படியானால் என் பெயரை எடுத்துவிடுங்கள் என்றார். எடுத்தார்கள். அந்தப் படத்தோடு நிறுத்தவில்லை. ஒவ்வொரு படமாக, எல்லாவற்றிலிருந்தும் எடுத்துவிட்டார்கள். அதற்கப்புறம் அவருக்குப் படமே இல்லை. பாட்டுகள் மட்டும் ரேடியோவில் இருந்தன.

அம்மா தட்டைக் கீழே வைத்தாள். "அந்தம்மா அழவே இல்லையா?"

"நோ. துணி உதறினாள்."

"அப்படித்தான் இருக்கும்," என்றாள் அம்மா. "உங்கப்பா போயிட்டாருன்னு போன் வந்தப்ப நான் மாவு சலிச்சிட்டிருந்தேன். முழுசா சலிச்சு முடிச்சிட்டுத்தான் எழுந்தேன்."

இதை அவள் என்னிடம் அதுவரை சொன்னதே இல்லை. அதை அப்படியே அவரிடம் இங்கிலீஷில் சொன்னேன். அவர் ஜன்னலை விட்டு அம்மா பக்கம் திரும்பினார். பிறகு, "உங்கள் தும்மலை மூடுவேன். அழுகையை மூடமாட்டேன். கல்யாணத்தன்று அழுவதானால் நான் போடுவதற்கு முன்னால் அழுதுவிடுங்கள்," என்றார். தும்மலை மட்டும் மூடுவாராம் என்று அம்மா அன்றைக்கு முழுக்கச் சொல்லிச் சொல்லிச் சிரித்தாள்.

கல்யாணத்தன்று கோட்டு சூட்டில் வந்தார். முடியைக்கூடச் சீவியிருந்தார். மேடைக்கு எதிரே ஓரமாக ஒரு மேஜை, டேப்ரெக்கார்டர், அந்த அட்டை. காசியாத்திரைக்கு, மாலை மாற்றுவதற்கு, ஊஞ்சலுக்கு எல்லாம் வினாடி பிசகாமல் போட்டார். "யாருப்பா இந்த வெள்ளைக்காரர்? நம்ம ஆளுங்களவிட நல்லாப் போடறாரே," என்று பெரியப்பாவே மெச்சினார். பத்தேகாலுக்கு நான் மணையில் உட்கார்ந்தேன். பத்தரைக்குள் முகூர்த்தம். முரளி எழுந்து தாலியைக் கையில் வாங்கிக்கொண்டு என் முன்னால் குனிந்தான். ஐயர் விரலைத் தூக்கினார்.

"கெட்டிமேளம், கெட்டிமேளம்!"

ஒன்றும் கேட்கவில்லை.

ஐயர் திரும்பிப் பார்த்து இன்னும் உரக்கச் சொன்னார். ஒன்றும் இல்லை. ஹாலில் நானூறு பேர். கையில் அட்சதையை வைத்துக்கொண்டு எல்லாரும் மேஜையைப் பார்த்தார்கள். அவர் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். "மாம், இஸ் இட் ப்ரோக்கன்?" என்று ஒரு குழந்தை கேட்டது. பெரியப்பா பட்டுவேஷ்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு மேடையிலிருந்து ஓடினார்.

"வாட் இஸ் திஸ்? பிரெஸ் தி பட்டன்!"

"நோ."

"வாட் நோ? டைம் ஆயிட்டிருக்கு!"

அவர் அட்டையைத் தூக்கிக் காட்டினார். "இடது பக்கம் அம்மா. இங்கே அம்மா இல்லை. காட்சி இன்னும் தயாராகவில்லை."

பெரியப்பா தானே பட்டனை அழுத்தக் கையை நீட்டினார். இவர் நிதானமாகக் கேசட்டை வெளியே எடுத்துக் கோட்டின் உள் பையில் போட்டுக்கொண்டார். போட்டுக்கொண்டு, அத்தனை தலைகளுக்கும் மேலே என்னைப் பார்த்தார்.

இதை நான் ஒளிக்காமல் சொல்ல வேண்டும். நான் ஒரு தடவை தலையாட்டியிருந்தால் அவர் போட்டிருப்பார். அவருக்கு வேண்டியதெல்லாம் அவ்வளவுதான், திட்டம் மாறிவிட்டது என்று சம்பந்தப்பட்டவள் சொல்ல வேண்டும். பெரியம்மா பின்னாலிருந்து, "அவரைப் போடச் சொல்லுடி," என்று என் தோளை இடித்தாள். சமையலறைக் கதவோரம் அம்மாவின் சேலைத் தலைப்பு தெரிந்தது.

"அம்மா, வா," என்றேன். என் குரல் எனக்கே யாரோ கத்துவதுபோல் கேட்டது.

அம்மா கதவுக்கு வெளியே வந்து கையை ஆட்டினாள். "வேணாம்டி. முகூர்த்தம் போயிடும்டி."

"போகட்டும். நீ வரலேன்னா நான் எழுந்து அங்க வந்துடுவேன். கிச்சன்லயே கட்டட்டும்."

"மணையை விட்டு எழுந்திரிக்கக் கூடாதுடி!" என்றாள் பெரியம்மா. நான் ஒரு காலை ஊன்றிவிட்டேன். அப்போதுதான் முரளி, குனிந்த முதுகை நிமிர்த்தாமலே, ஹால் முழுக்கக் கேட்கிற மாதிரி சொன்னான்.

"ஆன்ட்டி, ப்ளீஸ் வாங்க. முதுகு புடிச்சிக்கிச்சு."

நாலு பேர் சிரித்தார்கள். அம்மா ஈரக்கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு நடந்து வந்தாள். நீளமான ஹால் அது. யாரும் பேசவில்லை. மேடைப் படி ஏறும்போது தடுமாறினாள், ஐயர்தான் கைகொடுத்தார். பெரியம்மா தட்டை அவளிடம் நீட்டினாள். அம்மா என் இடது பக்கம் வந்து நின்றாள். கேசட் உள்ளே போகிற சத்தம் கேட்டது. ஐயர் மறுபடி விரலைத் தூக்கினார். தூக்கிய அதே நொடியில் தவில் இடித்தது. அம்மா அழவில்லை. நான்தான் அழுதேன்.

சாப்பாட்டுப் பந்தியில் அவரிடம் கேட்டேன், தெரிந்துதான் செய்தீர்களா என்று. "நான் பார்ப்பதைத்தான் போடுவேன்," என்று சொல்லிவிட்டு இரண்டாவது ஜாங்கிரிக்குக் கையை நீட்டினார். தெரிந்தேதான் செய்தார் என்று அவர் மகள் சத்தியம் பண்ணினாள். பெரியப்பா என்னோடு ஆறு மாதம் பேசவில்லை.

அதே பந்தியில் இன்னொன்று நடந்தது. வீடியோ எடுத்தவன் புரூக்ளினிலிருந்து வந்த ரஷ்யப் பையன். குஜராத்திக் கல்யாணம், கொரியக் கல்யாணம் என்று எல்லாம் எடுப்பவன். இவர் மகளோடு ரஷ்யனில் பேசுவதைக் கேட்டுப் பக்கத்தில் வந்து பெயரைக் கேட்டான். மகள் சொன்னாள். அவன் கேமராவை இலைக்குப் பக்கத்திலேயே வைத்துவிட்டு இவரைக் கட்டிக்கொண்டான். "நீங்க செத்துப் போயிட்டதா எங்க ஊர்ல சொன்னாங்களே!" என்றானாம். "யார் சொன்னது, கமிஷனா?" என்று கேட்டாராம் இவர். தன் அம்மா அந்த டிராம் பாட்டைப் பாடித்தான் தன்னைக் குளிப்பாட்டினாள் என்று சொல்லி அவன் அழுதான்.

ஒரு மாதம் கழித்து வீடியோவைக் கொண்டுவந்தான். நான் பிளசன்டனுக்குப் போவதற்காக வீடு முழுக்க அட்டைப்பெட்டிகள். அம்மாவும் கீழ்வீட்டுக்காரரும் சோபாவில் உட்கார்ந்தார்கள். இது முடிவான காப்பி இல்லை, ஒரு தடவை பார்த்துவிடுங்கள் என்றான் பையன். அவன் கண்ணில் ஏதோ ரகசியம் இருந்தது.

ஐயர் விரலைத் தூக்குகிற இடம் வந்தது. ஹால் திகைக்கிற இடம் வந்தது. அங்கே அந்த டிராம் பாட்டு எழுந்தது. பெரிய வாத்தியக்குழு, முழுப் பாட்டு. அம்மா கதவிலிருந்து நடந்து வருகிறாள், பாட்டு அவளோடு வருகிறது. மூன்றாவது வரி சரியாகக் கீழே இறங்கியது. திரையின் அடியில் ரஷ்யனிலும் ஆங்கிலத்திலும் எழுத்துகள் வந்தன. இசை என்று போட்டு, அவருடைய முழுப் பெயர்.

பொய் சொல்லமாட்டேன், அது அவ்வளவு அழகாக இருந்தது. நான் தேம்பி அழுதேன். "நல்லாத்தான் இருக்கு," என்றாள் அம்மா. அவர் கண்ணாடியைக் கழற்றிச் சட்டையில் துடைத்தார், போட்டுக்கொண்டார், மறுபடி கழற்றினார். பதினெட்டு வருஷம் கழித்து ஒரு திரையில் அவர் பெயர். ரேடியோக்காரர்கள் சொல்லாத பெயர். அதை அப்படியே நிறுத்தி வைக்கச் சொன்னார். பையன் நிறுத்தினான். எவ்வளவு நேரம் பார்த்துக்கொண்டிருந்தார் என்று தெரியாது. எனக்கு ஒரே வேண்டுதல்தான், இந்த ஒரு தடவை மட்டும் இவர் சரி என்று சொல்லிவிட வேண்டும்.

"பாட்டு இல்லாமல் போடு," என்றார்.

பையனின் முகம் வாடிவிட்டது. பையிலிருந்து வேறொரு கேசட்டை எடுத்துப் போட்டான். பாட்டு சேர்க்காத கேசட். ஹாலின் ஏசி உறுமியது. குழந்தை இங்கிலீஷில் கேட்டது. "அம்மா, வா" என்று நான் கத்தினேன். முரளியின் முதுகு. சிரிப்பு. பிறகு அம்மாவின் காலடிச் சத்தம், ஒவ்வொன்றாக. படியில் தடுமாறி அவள் "முருகா" என்பதுகூடக் கேட்டது.

"கேட்டாயா?" என்றார் அவனிடம். "பாட்டு இருந்தால் நடப்பது நான். பாட்டை எடுத்தால் இவள் நடக்கிறாள்."

"ஆனா உங்க பேரு..." என்றான் அவன் ஆங்கிலத்தில். கெஞ்சினான். "எங்க ஜனங்க பாக்கணும், மாஸ்ட்ரோ. நான் எல்லாருக்கும் காட்டுவேன்."

"நோ. இங்கே இசை இல்லை, பெயர் எதற்கு? எடுத்துவிடு." டிவியைக் கையால் காட்டினார். "பெயர் போட்டே ஆகவேண்டுமானால், நடக்கிறவள் பெயரைப் போடு."

பையன் என்னைப் பார்த்தான். நான் அம்மாவிடம் சொன்னேன். கீழே இவர் பேர் இருந்த இடத்தில் உன் பேரைப் போடட்டுமா என்று கேட்கிறான் என்றேன். என் பேரெல்லாம் எதுக்குடி என்று உள்ளே எழுந்து போய்விடுவாள் என்றுதான் நினைத்தேன். அம்மா டிவியைப் பார்த்தாள். திரையில் அவள் என் இடது பக்கம் வந்து நின்றிருந்தாள். சோபாவில் நிமிர்ந்து உட்கார்ந்து அந்தப் பையனைப் பார்த்து, "எம்... ஏ... என்... ஜி..." என்று ஆரம்பித்தாள். அவன் பேனாவைத் தேடி எடுப்பதற்குள் பாதி எழுத்து போய்விட்டது. அவள் நிறுத்தி, முதலிலிருந்து சொன்னாள்.

"மங்கையர்க்கரசி. ஃபுல்லாப் போடச் சொல்லுடி. நீளமா இருக்குன்னு சுருக்க வேணாம்."